வேலையை எடுத்துவிட்டுக் கையில் கொடுத்த ‘அவுட்பிளேஸ்மென்ட்’ சேவை: ஐந்துக்கு இரண்டு

பெரிய கம்பெனிகள் ஆட்களை வெளியே அனுப்பும்போது கூடவே ஒரு லாகினையும் கொடுத்து அனுப்புகின்றன. வேலை போனவர் அடுத்த வேலை தேடிக்கொள்ள உதவ, வெளியில் உள்ள ஒரு நிறுவனத்துக்குக் கம்பெனி பணம் கட்டிவிடும். நமக்கு மூன்று மாதத்துக்கு அந்தச் சேவை இலவசம். எச்.ஆர். ஆட்கள் இதை அவுட்பிளேஸ்மென்ட் என்பார்கள். 2025 ஓணம் கழிந்து எனக்கும் என்னோடு வேலை பார்த்த பலருக்கும் வேலை போனபோது இது கிடைத்தது.

பலர் கோபத்தில் அந்த மெயிலைத் திறக்கவே இல்லை. நான் திறந்தேன், லாகின் காலாவதியாகும் வரை பயன்படுத்தினேன். என் மதிப்பீடு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். தேடிப் பார்த்தால் இந்த மாதிரிச் சேவைகளைப் பற்றிக் கிடைப்பதெல்லாம் அதை வாங்கும் நிர்வாகங்களுக்கான விளம்பரம்தான். உபயோகித்த ஊழியர் என்ன நினைக்கிறார் என்று எங்கேயும் இல்லை, தமிழில் சுத்தமாக இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். கம்பெனியின் பெயரும் சேவையின் பெயரும் இதில் வராது. இதே பொருளைத்தான் வெவ்வேறு பெயர்களில் எல்லாரும் விற்கிறார்கள், வாங்குகிறார்கள்.

எனக்குத் தமிழ்நாடு-கேரள எல்லையில் களியக்காவிளையில் வீடு, திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் என்ற ஐ.டி. வளாகத்தில் வேலை. பாறசாலையில் ரயிலேறி, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம் எல்லாம் தாண்டி, திருவனந்தபுரம் சென்ட்ரலையும் கடந்து இறங்க வேண்டும். எங்கள் பக்கம் பி.இ. படித்தவர்களுக்குச் சென்னையைவிட, 1990-இல் தொடங்கிய அந்த டெக்னோபார்க்தான் கிட்டம். வீட்டில் இருந்தபடி போய்வரலாம், அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்ளலாம். நான் அங்கே பத்து ஆண்டுக்கு மேல் இருந்தேன். வேலை டெஸ்டிங். வெளிநாட்டு மருத்துவக் காப்பீட்டு கிளெய்ம்களைச் சரிபார்க்கும் ஒரு சாஃப்ட்வேரை, வாடிக்கையாளர் கைக்குப் போகுமுன் எங்கெங்கே உடையும் என்று தேடிக் கண்டுபிடிப்பது. இந்தச் சேவையையும் அப்படித்தான் பார்த்தேன்.

முதலில் இந்த லாகின் எப்படிக் கைக்கு வந்தது என்று சொல்ல வேண்டும். சேவையின் தரத்துக்கும் அது வந்த விதத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் ஏறக்குறைய 2 சதவீதம், அதாவது 12 ஆயிரம் பேருக்கு மேல் குறைக்கப் போவதாக அறிவித்தது. நடு மட்டத்திலும் மேல் மட்டத்திலும் இருப்பவர்கள்தான் அதிகம் போவார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் ரயில் பெட்டியில் அப்போது வேறு பேச்சே இல்லை. அதற்குப் பிறகு எங்கள் கம்பெனியில் எல்லாரையும் கூட்டிப் பேசும் ஒரு டவுன்ஹால் மீட்டிங் நடந்தது. இந்தியப் பிரிவின் தலைவர் திரையில் வந்து, நம்மிடம் அப்படி எந்தத் திட்டமும் இல்லை, வதந்திகளைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்றார். நாங்கள் நம்பினோம். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் வாரம் ஐந்து நாளும் ஆபீஸ் வர வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. மார்த்தாண்டத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு தம்பி, கைக்குழந்தையோடு கழக்கூட்டத்தில் வாடகை வீடு எடுத்து, அட்வான்ஸ் கட்டி, மனைவியின் பள்ளிக்கூட வேலையை விடச் செய்து குடிவந்திருந்தான். ஆட்களைக் குறைக்கப்போகிற நிர்வாகம் அந்தக் குடும்பத்தை வீடு மாற வைத்திருக்கக் கூடாது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது.

ஆபீஸில் அத்தப்பூக்களப் போட்டி நடந்தது, ஓண விருந்தான சத்யா நடந்தது. ஓணம் விடுமுறை முடிந்து திரும்பிய வாரத்தில் ‘பிசினஸ் அப்டேட்’ என்ற தலைப்பில் 15 நிமிஷ மீட்டிங் அழைப்பு ஒன்று வந்தது. திரையில் நாங்கள் யாரும் அதற்கு முன் பார்த்திராத ஒரு எச்.ஆர். அம்மா இருந்தார். எழுதிவைத்ததைப் படித்தார். எங்கள் மேனேஜர் கேமராவை அணைத்து வைத்திருந்தார், கடைசி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கும் அன்று காலையில்தான் தெரியும் என்று பின்னால் கேள்விப்பட்டேன். தன் டீமில் யார் போகிறார்கள் என்பதில் டீமை நடத்துபவருக்கே பங்கில்லை. அப்படியானால் எங்கள் வேலையைத் தெரிந்தவர் யாரும் அந்தப் பட்டியலைப் போடவில்லை.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். எந்த அடிப்படையில் பெயர்களை எடுத்தீர்கள்? “பிசினஸ் தேவை” என்று பதில் வந்தது. என் டீமில் எனக்குப் பிறகு சேர்ந்தவர்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் வேலை போக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைக்க மாட்டேன். ஆனால் 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டம், ஒரே வகை வேலையில் இருப்பவர்களில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் பொதுவாக முதலில் போக வேண்டும், அப்படி இல்லையென்றால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்று அப்போது சொன்னது. அந்தக் காரணத்தைத்தான் கேட்டேன். அதை எழுதித் தர இன்றுவரை யாரும் முன்வரவில்லை.

மாலையில் லேப்டாப் பூட்டிக்கொண்டது. சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, இத்தனை ஆண்டு அப்ரைசல் என்ற வேலை மதிப்பீடுகள் எல்லாம் உள்ளே.

மறுநாள் சொந்த மெயிலுக்கு ஒரு கடிதம் வந்தது. ராஜினாமாக் கடிதத்தைக் கையெழுத்திட்டு ஏற்றினால், கருணைத் தொகையாக ஒரு பணமும், மூன்று மாத அவுட்பிளேஸ்மென்ட் சேவைக்கான லிங்க்கும் வரும் என்று அதில் இருந்தது. கூடவே ஓர் உறுதிமொழி: கம்பெனியிடம் இனி எந்தக் கோரிக்கையும் எனக்கு இல்லை. சேவையின் முதல் குறை இங்கேயே தொடங்குகிறது. உதவி என்றால் அதைக் கையெழுத்துக்குப் பின்னால் வைத்துப் பூட்டக் கூடாது.

இந்த ராஜினாமாவுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு பலருக்குத் தெரிவதில்லை. கம்பெனி ஆளைக் குறைத்தால் அது ஆட்குறைப்பு. அதற்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதோடு முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு. எங்கள் நேரத்தில் 1947 சட்டம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. இந்தக் கணக்கு அதிலும் அப்படியே இருக்கிறது. ஆனால் ராஜினாமா என்று எழுதிக் கொடுத்துவிட்டால் நீங்களாகவே போனதாக ஆகிவிடும், இழப்பீடு என்ற பேச்சு எழாது. கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, வேறு விஷயம். ஐந்து ஆண்டு முடித்தவருக்கு ராஜினாமா செய்தாலும் அது உண்டு. எனவே “கையெழுத்துப் போடாவிட்டால் கிராஜுவிட்டி நின்றுவிடும்” என்று யாராவது போனில் சொன்னால் நம்ப வேண்டாம். எங்களில் சிலரிடம் அப்படித்தான் சொன்னார்கள்.

நான் ராஜினாமா எழுதவில்லை. ராஜினாமா செய்ய எனக்கு விருப்பமில்லை, வேலையிலிருந்து நீக்குவதானால் நீங்களே கடிதம் கொடுங்கள் என்று மெயில் அனுப்பினேன். வேலையிலிருந்து விடுவித்ததாகத் தரும் ரிலீவிங் லெட்டர் வராது, அடுத்த கம்பெனி நம் பழைய வேலையை விசாரிக்கும் பேக்கிரவுண்ட் செக்கில் பிரச்சினை வரும் என்றெல்லாம் போன் வந்தது. போனில் சொன்ன ஒவ்வொன்றையும் அன்றே மெயிலில் எழுதி, “இன்று நீங்கள் சொன்னது இதுதானே” என்று திருப்பி அனுப்பினேன். போன் நின்றது. கடைசியில் நீக்கக் கடிதமும் வந்தது, லிங்க்கும் வந்தது.

இனி சேவைக்குள் போவோம்.

பதிவு செய்யும் பக்கத்திலேயே ஒரு ஒப்புதல் கட்டம் இருந்தது. டிக் போடாமல் உள்ளே போக முடியாது. அதைப் படித்தால், நாம் எத்தனை முறை நுழைந்தோம், எத்தனை வேலைக்கு விண்ணப்பித்தோம், எப்போது புது வேலை கிடைத்தது என்ற விவரங்கள் பணம் கட்டிய நிறுவனத்துக்கு அறிக்கையாகப் போகும் என்று இருந்தது. அதாவது நம்மை வெளியே அனுப்பிய அதே எச்.ஆர். பிரிவுக்கு. சட்டப்படி அவர்களோடு ஒரு தகராறு நிலுவையில் இருக்கும்போது, நான் எங்கே விண்ணப்பிக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் என்ன? உதவி மையத்துக்கு எழுதிக் கேட்டேன். பெயரில்லாத மொத்த எண்ணிக்கையாகத்தான் போகும் என்றார்கள். ஒப்புதல் வாசகத்தில் அப்படி இல்லையே, வாசகத்தைத் திருத்துங்கள் என்றேன். அதற்குப் பதில் வரவில்லை.

அடுத்தது வேலை தேடும் பகுதி. எல்லையில் குடியிருப்பவர்களுக்கு இது ஒரு காசுக்கும் உதவாது. களியக்காவிளைப் பின்கோடைப் போட்டால் மாநிலம் தமிழ்நாடு என்று தானாக நிரம்பிவிடும். பிறகு வருவதெல்லாம் சென்னை, கோயம்புத்தூர், ஓசூர். பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துச் சொச்சத்தில் போய்விடக்கூடிய திருவனந்தபுரம் ஒரு தடவைகூட வரவில்லை. அந்த இயந்திரம் தூரத்தைப் பார்க்கவில்லை, மாநிலத்தை மட்டும் பார்க்கிறது. ஊரைத் திருவனந்தபுரம் என்று மாற்றிக் கொடுத்தேன். இந்த முறை திருவனந்தபுரம் வேலைகள் வந்தன, ஆனால் பாதிக்கு மேல் ஆள் எடுத்து முடிந்துபோன பழைய அறிவிப்புகள். செங்கோட்டை, வாளையாறு, குமுளி, தடா என்று எல்லையோரத்தில் குடியிருந்து பக்கத்து மாநிலத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! அவர்கள் எல்லாருக்கும் இந்தப் பகுதி இப்படித்தான் வேலை செய்யும். பிழை அறிக்கை எழுதுவது என் தொழில், அதனால் படங்களோடு ஓர் அறிக்கை அனுப்பினேன். மூன்று மாதம் முடியும்வரை அது சரியாகவில்லை.

அந்தப் பட்டியலில் இன்னொன்றும் பார்த்தேன். என் பழைய கம்பெனியின் விளம்பரம். அதே டெஸ்டிங் வேலை, வேறு நகரத்தில், என்னைவிடப் பாதி அனுபவம் கேட்டு. குறைத்த வேலைக்குத் திரும்ப ஆள் எடுத்தால், குறைக்கப்பட்டவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அந்த விளம்பரத்தைத் தேதியோடு படம் எடுத்து வைத்திருக்கிறேன். இந்தச் சேவையால் எனக்குக் கிடைத்த உருப்படியான ஆவணம் அது.

ரெஸ்யூமே பகுதிக்கு முழு மனதோடு ஒரு நட்சத்திரம் கொடுக்கிறேன். பத்து ஆண்டுக்கு மேல் ஒரே இடத்தில் இருந்தவர்களுக்குத் தங்கள் வேலையை வெளியாருக்குப் புரிகிற மாதிரி எழுத வராது. எங்கள் கம்பெனிக்குள் புழங்கும் புராஜெக்ட் பெயர்கள், உள் டூல்களின் பெயர்கள் எல்லாம் வெளியில் யாருக்கும் தெரியாது. அவற்றை எடுத்துவிட்டு, என்ன செய்தேன், அதனால் என்ன குறைந்தது, என்ன கூடியது என்று எழுத வைத்தார்கள். எழுதித் தந்தவர் ஒரு மனிதர், இயந்திரம் இல்லை. கேள்விகள் கேட்டுக் கேட்டு எழுதினார். அந்த ரெஸ்யூமேவை வைத்துத்தான் பிறகு எனக்கு இன்டர்வியூ அழைப்புகள் வந்தன.

ஆன்லைன் வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நேர்மறையாக இருங்கள், மாற்றத்தை வரவேற்றுக்கொள்ளுங்கள், காலையில் எழுந்து நடங்கள். நாட்டில் தொழிலாளர் சட்டமே மாறிய அந்த நவம்பர் வாரத்திலும் வகுப்பு நடந்தது. தலைப்பு மன உறுதி. புதுச் சட்டத்தைப் பற்றி ஒருவர் அரட்டைப் பெட்டியில் கேட்டார். அது நம் எல்லைக்குள் வராது என்று வகுப்பெடுத்தவர் எழுதிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனார்.

இரண்டாவது நட்சத்திரம் ஒரு கோச்சுக்கு, அதாவது வேலை தேட வழிகாட்ட ஒதுக்கப்படும் ஆலோசகருக்கு. முதலில் எனக்கு ஒதுக்கப்பட்டவர் ஹிந்தியும் ஆங்கிலமும் பேசுபவர், நல்ல மனிதர்தான், ஆனால் அவர் கையில் ஒரு கேள்விப் பட்டியல் இருந்தது, அதைவிட்டு நகரவில்லை. தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். கோயம்புத்தூரில் ஒரு மில்லில் பல காலம் ஊழியர் விவகாரங்களைப் பார்க்கும் பெர்சனல் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைக் கொடுத்தார்கள். திரையில் வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “ரெஸ்யூமேயை அப்புறம் பார்த்துக்கலாம் அம்மா. வீட்ல யாருக்காவது வைத்தியம் நடந்துட்டு இருக்கா? இன்ஷூரன்ஸ் என்னாச்சு?”

எச்.ஆர். முதல் யாரும் கேட்காத கேள்வி. என் அம்மாவுக்கு இதயத்துக்குத் தொடர்ந்து மருந்து, திருவனந்தபுரத்தில் சிகிச்சை. அம்மாவின் பெயர் கம்பெனியின் குழுக் காப்பீட்டில் இருந்தது. என் கடைசி வேலை நாளோடு அது நின்றுவிடும். குழுக் காப்பீட்டிலிருந்து வெளியேறுகிறவர் அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் அல்லது குடும்பத் திட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம், ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும், ஆனால் பழைய காப்பீடு முடியுமுன்பே எழுதிக் கேட்க வேண்டும் என்று அவர்தான் சொன்னார். புதிதாக ஒரு பாலிசி எடுத்திருந்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கென்று திரும்ப ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். அன்று சாயங்காலமே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். பிரீமியம் கனமாகத்தான் இருக்கிறது, ஆனால் அம்மாவின் சிகிச்சை நிற்கவில்லை. காப்பீட்டு சாஃப்ட்வேரிலேயே இத்தனை காலம் வேலை பார்த்த எங்கள் டீமில் பலருக்கு இந்த வழி தெரியாது. அவர்களில் சிலரது காப்பீடு அதற்குள் முடிந்துபோயிருந்தது.

அதே அமர்வில் பி.எஃப். பற்றியும் சொன்னார். பணக் கஷ்டத்தில் எல்லாரும் முதலில் கைவைப்பது அதில்தான். பென்ஷன் பகுதிக்குப் பத்து ஆண்டு சேவை வேண்டும். பத்து ஆண்டு முடியாதவர் அந்தப் பணத்தை எடுத்துவிட்டால் அதுவரை சேர்ந்த சேவைக் காலமும் போய்விடும். எடுக்காமல், சேவைக் காலத்தைப் பதிந்து தரும் ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி வைத்துக்கொண்டாலோ, அடுத்த வேலைக்குக் கணக்கை மாற்றினாலோ அந்த ஆண்டுகள் தொடரும். எட்டு, ஒன்பது ஆண்டு முடித்த பிள்ளைகள் எங்களோடு நிறைய வெளியே வந்தார்கள். இந்தத் தகவல் அவர்களுக்கு உயிர் மாதிரி. எங்கள் வாட்ஸப் குழுவில் நான் இதைத் தமிழிலும், பக்கத்து சீட்டில் இருந்த சேச்சி மலையாளத்திலும் எழுதிப் போட்டோம்.

கிராஜுவிட்டிக் கணக்கையும் அவரே போட்டுக் காட்டினார். எங்கள் நேரத்துச் சட்டப்படி, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தை (அகவிலைப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை செய்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அடிப்படை 40,000 ரூபாய், 11 ஆண்டு என்றால் 2,53,846 ரூபாய் வரும். ஆறு மாதத்துக்கு மேல் உள்ள மிச்சக் காலத்தை முழு ஆண்டாக எடுத்துக்கொள்ள வேண்டும், 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். என் செட்டில்மென்ட் சீட்டில் அந்த மிச்ச மாதங்களை விட்டிருந்தார்கள். எழுதிக் கேட்ட பிறகு சேர்த்தார்கள். கேட்காதவர்களுக்குச் சேர்த்தார்களா?

இன்னொரு விஷயமும் அவர் வாயால்தான் தெரிந்தது. பதவிப் பெயரில் ‘லீட்’ என்றோ ‘மேனேஜர்’ என்றோ இருப்பதால் மட்டும் தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்று ஆகிவிடாது. உண்மையில் செய்த வேலை என்ன என்றுதான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. உட்கார்ந்து டெஸ்ட் எழுதி ஓட்டிக்கொண்டிருந்தவர், பெயரில் லீட் என்றிருந்தாலும், தான் தொழிலாளி என்று வாதாட முடியும்.

இவ்வளவும் ஒரு முக்கால் மணி நேரத்துக்குள். இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு அந்த முக்கால் மணி நேரம்தான். ஆனால் அது அந்தத் தனி மனிதர் தம் அனுபவத்திலிருந்து சொன்னது, சேவையின் பாடத்திட்டத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. அடுத்த அமர்வுக்கு வேறொரு கோச் வந்தார். பழையவர் எங்கே என்று கேட்டதற்கு, அமர்வு நெறிமுறைகளின்படி ஒதுக்கீடு மாறியிருக்கிறது என்று பதில். அவர் வேலைக்கு என்னால் பங்கம் வந்திருக்கக் கூடாது என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

மற்ற கோச்சுகள் ஏன் இதைச் சொல்வதில்லை? யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. உபயோகிக்கிறவர் நாம், ஆனால் வாடிக்கையாளர் கம்பெனி. இழப்பீடு எவ்வளவு வர வேண்டும் என்று ஊழியருக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் சேவையை எந்த நிர்வாகம் பணம் கட்டி வாங்கும்? மூன்று மாத முடிவில் வந்த கருத்துப் படிவத்தின் முதல் கேள்வியே, “இந்தச் சேவையை வழங்கிய உங்கள் முன்னாள் நிறுவனத்தின் மீதான உங்கள் மதிப்பு கூடியிருக்கிறதா?” என்பதுதான். வேலை கிடைத்ததா என்ற கேள்வி அதற்கு வெகு கீழே இருந்தது.

அதைவிடப் பெரிய குறை, யாருக்கு இந்தச் சேவை கிடைக்கவில்லை என்பது. எங்கள் மாடியைக் கூட்டித் துடைத்த அக்காமார், இரவு ஷிப்டில் எங்களை வீட்டு வாசல்வரை கொண்டுவிட்ட கேப் டிரைவர்கள், பான்ட்ரியில் சாயா போட்டுத் தந்த சேட்டன், எல்லாரும் கான்ட்ராக்ட். மாடி காலியானதும் அவர்களுக்கும் வேலை போனது. அவர்களுக்கு மீட்டிங்கும் இல்லை, மெயிலும் இல்லை. மறுநாள் வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொன்னதோடு சரி. அவர்களில் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி ஈ.எஸ்.ஐ. பிடித்தவர்களுக்கு, வேலை போனால் ஓர் உதவித் தொகை இருந்தது. அடல் பீமித் வியக்தி கல்யாண் என்ற திட்டம், 2018-இல் தொடங்கியது. நிபந்தனைகள் பொருந்தினால் சராசரி ஊதியத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாளுக்கு. பாறசாலைப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு அக்காவுக்கு நானும் சேச்சியும் சேர்ந்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தோம். ஒரு பெரிய கம்பெனி வாங்கும் சேவையில் இந்த ஒரு பக்கத் தகவலைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்துக் கொடுத்திருந்தால் எத்தனை வீட்டுக்கு அது அரிசி.

புகார் கொடுக்க நினைக்கும் எல்லையோர ஆட்களுக்கு ஒரு தகவல். வீடு தமிழ்நாட்டில் இருந்தாலும், வேலை செய்த இடம் எந்த மாநிலமோ அந்த மாநிலத் தொழிலாளர் துறையிடம்தான் போக வேண்டும். டெக்னோபார்க்கில் வேலை பார்த்தவருக்கு நாகர்கோவில் கிட்டம் என்றாலும் திருவனந்தபுரம்தான் இடம். நான் மனு கொடுத்திருக்கிறேன், சமரசப் பேச்சு நடக்கிறது. அதைப் பற்றி இப்போது அதிகம் எழுதுவது சரியில்லை. மலையாளம் எழுதத் தெரியாதே என்று தயங்க வேண்டாம், ஆங்கிலத்தில் எழுதிய மனுவை எடுத்துக்கொண்டார்கள்.

புது வேலை எனக்குக் கிடைத்துவிட்டது. சின்னக் கம்பெனி, சம்பளம் குறைவு, வேலை பழையதுதான். கிடைத்தது இந்தச் சேவையால் அல்ல. முன்பு எங்கள் டீமில் இருந்து வெளியே போன ஒரு பெண் சொல்லி அனுப்பியது. கேரள ஐ.டி. பார்க்குகளில் வேலை செய்கிறவர்களின் அமைப்பான பிரதித்வனி நடத்தும் வேலை அறிவிப்புப் பக்கத்தைப் பார்த்து எங்களில் வேறு சிலரும் சேர்ந்தார்கள். பணம் கட்டி வாங்கிய தளத்தைவிட, ஊழியர்களே நடத்தும் அந்தப் பக்கத்தில் திருவனந்தபுரத்து வேலைகள் புதிதாகவும் சரியாகவும் இருந்தன. கைக்குழந்தையோடு குடிவந்த அந்தத் தம்பி கொச்சிக்குப் போய்விட்டான். மனைவியும் குழந்தையும் திரும்ப மார்த்தாண்டத்தில்.

இந்த மாதிரி ஒரு லிங்க் உங்களுக்கு வந்தால் பதிவு செய்யுங்கள், விட வேண்டாம். ஆனால் அதற்காக ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள். சேவை தனி, உங்கள் உரிமை தனி என்று மெயிலில் எழுதிக் கேளுங்கள், வரும். வேலையில் இருக்கும்போதே சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, அப்ரைசல் கடிதங்களைச் சொந்த மெயிலில் சேர்த்து வையுங்கள், ஆனால் கம்பெனியின் புராஜெக்ட் கோப்பு எதையும் தொடாதீர்கள். முதல் வாரத்தில் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். ரெஸ்யூமேயை அவர்களிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேலை தேடும் பகுதியில் நேரம் செலவழிக்க வேண்டாம். கோச் ஒதுக்கும்போது, தமிழ் தெரிந்தவர், தொழிற்சாலையிலோ மில்லிலோ பெர்சனல் வேலை பார்த்தவர் வேண்டும் என்று கேளுங்கள். அப்படி ஒருவர் கிடைத்தால், முதல் அமர்விலேயே எல்லாக் கேள்வியையும் கேட்டுவிடுங்கள். இரண்டாவது அமர்வுக்கு அவரே வருவார் என்று சொல்ல முடியாது.